நாத்தனாரின் குதிரைப் பட்டு

தொண்டை கொஞ்சம் கட்டியிருக்கிறது. அதனால்தான் கழுத்தில் துண்டு. குரல் கம்மினால் பொறுத்துக்கொள்ளுங்கள், தர்மகர்த்தா ஐயா. மோரைக் குடியுங்கள். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வெயிலில் நின்றுவிட்டுத்தானே வருகிறீர்கள். கேட்பதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

என் நாத்தனார் ஆனந்தவல்லி ஆனி மாதம் பாரிஸிலிருந்து வந்தாள். எனக்கு ஒரு சோப்பு கொடுத்தாள். தன் கழுத்தில் ஒரு பட்டுத் துணி கட்டியிருந்தாள். ஆரஞ்சுக் கரை, நடுவில் சேணம் பூட்டிய குதிரைகள். பெரிய கம்பெனியாம். பெயரை அவள் மூக்காலேயே சொன்னாள். இரண்டு முழம்கூட இருக்காது. விலையைக் கேட்டதும் எங்கள் வீட்டுக்காரர் ரெங்கசாமி சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

அந்த வேக்காட்டில் கழுத்தை மூடிக்கொண்டு திரிந்தவளைப் பார்த்து, தொண்டை வலியா என்று தெருவே விசாரித்தது. எதிர்வீட்டிலிருந்து கஷாயம்கூட வந்தது. நான் ஒரே ஒரு தடவை அந்தத் துணியைத் தொடப் போனேன்.

"தொடாதீங்க அண்ணி. கை ஈரமா இருக்கு பாருங்க," என்றாள்.

ஈரமாகத்தான் இருந்தது. அவளுக்காக மீன் கழுவிக்கொண்டிருந்தேன். எனக்குப் பொறாமை கிடையாது ஐயா. அந்தத் துணி எனக்கு வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

நம் கோயிலில் அம்மனுக்குச் சாத்தும் துணியெல்லாம் ஆடிக் கடைசி வெள்ளியில் ஏலத்துக்கு வரும். சாத்தியதைக் கொடுத்தவரே திருப்பிக் கேட்க முடியாது. ஏலத்தில் எடுத்தவருக்கு அது பிரசாதம். இந்த வழக்கத்தை ஏற்படுத்தியது நான் இல்லை. ஆடி முதல் வெள்ளியன்று, வேர்வை காய அவள் கொடியில் போட்டிருந்த பட்டை எடுத்து, தேங்காய் பழத் தட்டில் மடித்து வைத்துக் கோயிலில் கொடுத்தேன். பூசாரி முன்னால் குவிந்திருந்த தட்டுகளில் எது யாருடையது என்று அவருக்கே தெரியாது. உற்சவ அம்மனுக்கு அது அளவெடுத்துத் தைத்த பாவாடையாக அமைந்தது. ஆனந்தவல்லிக்கோ ஏலத்துக்கு முன்பே விமானம். அவள் போன பிறகு நான் ஏலத்தில் எடுத்துக்கொள்வேன். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

அவளுக்கு இவ்வளவு பக்தி இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தேடியவள், ஊருக்குக் கிளம்புமுன் கும்பிட வந்தாள். அம்மன் இடுப்பில் குதிரைகளைப் பார்த்ததும் கத்தப்போகிறாள் என்று நினைத்தேன். கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதாள்.

"அண்ணி, என் துணிய ஆத்தாளே வந்து எடுத்துக்கிட்டா பாருங்க. நான் என்ன புண்ணியம் பண்ணேனோ."

நான்தான் கொடுத்தேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். யாரும் கேட்கவில்லை.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். ஊரில் காணாமல் போன குடை, எவர்சில்வர் டம்ளர், ஒரு வெடக்கோழி எல்லாவற்றையும் ஆத்தாள்தான் எடுத்தாள் என்றானது. அவளே ஆசைப்பட்டு எடுத்த பட்டை ஏலம் விடக் கூடாது என்று நீங்கள் கூட்டம் போட்டுத் தீர்மானித்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டினீர்கள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. முறையாக ஏலத்தில் எடுக்க இருந்தவளை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது யார் என்று நீங்களே யோசியுங்கள். பெட்டியைத் துடைத்து வைக்கச் சொல்லி என் கையில் சாவியைக் கொடுத்ததும் நீங்கள்தான்.

பெட்டியைக் காலியாக விட எனக்கு மனம் வரவில்லை. கும்பிட வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள். எங்கள் வீட்டுக்காரருக்கு ஆரஞ்சுக் கட்டம் போட்ட பழைய கைலி ஒன்று உண்டு. அதில் ஒரு துண்டு கிழித்து, துவைத்து, சின்னதாக மடித்து வைத்தேன். துவைத்துத்தான் வைத்தேன் ஐயா. மன்னார்குடியிலிருந்து வேன் பிடித்து வந்து கும்பிட்டார்கள். பிள்ளை வரம் கேட்டார்கள். ஒருவருக்கு முழங்கால் வலி போனதாம். நீங்களும் கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டீர்கள்.

எங்கள் வீட்டுக்காரர் நேற்று உள்ளே வருவார் என்று நான் நினைக்கவில்லை. வாசலில் செருப்புக்குக் காவல் இருப்பதோடு அவருடைய பக்தி முடிந்துவிடும். "ஐயா, இது என் கைலிங்க. எத்தன நாளாத் தேடறேன்," என்று சன்னதியில் அவர் போட்ட சத்தத்துக்குப் பிறகுதான் உங்களுக்கு என் மேல் சந்தேகமே வந்தது.

ஆமாம், எடுத்தது நான்தான். இரண்டு தடவையும் நான்தான். ஆனால் திருட்டு என்று சொல்லாதீர்கள். முதல் தடவை நான் அம்மனுக்குக் கொடுத்தேன். இரண்டாவது தடவை அவள் எனக்குக் கொடுத்தாள். நடுவில் கொஞ்ச நாள் ஊர் கைலியைக் கும்பிட்டது. அதனால் யாருக்கும் ஒரு குறையும் வரவில்லை, அந்த முழங்காலைத்தான் கேட்டுப் பாருங்களேன்.

என் கழுத்தையே ஏன் ஐயா பார்க்கிறீர்கள்? சரி, துண்டை எடுக்கிறேன். பார்த்துக்கொள்ளுங்கள், ஆரஞ்சுக் கரை, எல்லாக் குதிரையும் பத்திரம்.

தொடாதீங்க ஐயா. மோர் டம்ளரைப் பிடிச்ச கை, ஈரமா இருக்கு பாருங்க.