முந்நூற்றுப் பத்து கிராம்

என் பெயர் செம்மலை, தகப்பனார் பெயர் முத்துக்கருப்பன், வயது 44. காரைக்குடி கழனிவாசல் காளியம்மன் கோவில் இரண்டாம் வீதி, கதவு எண் 17-இல் மனைவி காளீஸ்வரியுடன் குடியிருந்து வருகிறேன். வீட்டை ஒட்டிய கொட்டகையில் சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறேன். இன்று 15.09.2025 திங்கட்கிழமை பிற்பகல் இரண்டரை மணிக்கு, யாரும் அழைக்காமல் நானாகவே இந்த நிலையத்துக்கு வந்து உதவி ஆய்வாளர் முன்பாக இதைச் சொல்கிறேன். என்னை யாரும் மிரட்டவும் இல்லை, ஆசை காட்டவும் இல்லை.

நேற்றுக் காலை கொத்தமங்கலத்தைச் சேர்ந்த கதிரவன், வயது 24, சைக்கிளிலிருந்து விழுந்து இறந்துபோனார். அவர் சைக்கிளில் ஏதோ செய்துவிட்டார் என்ற சந்தேகத்தின் பேரில் அவருடைய நண்பர் ஹரீஷை நேற்று மாலை முதல் இங்கே வைத்திருக்கிறார்கள், இன்று ஐந்து மணிக்குள் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். கதிரவன் சாவுக்கு ஹரீஷ் காரணம் இல்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நான் உள்ளே நுழைந்தபோது, கைப்பற்றி வேப்பமரத்தடியில் நிறுத்தியிருந்த ஹரீஷின் சைக்கிளில் ஒரு காவலர் ஏறி, விளையாட்டாக வளாகத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். அவரை இறங்கச் சொல்லிக் கத்தினேன். கத்தியதற்கு வருந்துகிறேன். ஏன் கத்தினேன் என்பதை முதலில் சொல்ல விரும்பினேன். உதவி ஆய்வாளர் எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து வரிசையாகச் சொல்லச் சொன்னதால் வரிசையாகவே சொல்கிறேன்.

சைக்கிள் தொழிலுக்கு வருவதற்கு முன் பதினொரு வருடம் காரைக்குடியில் பழம்பொருள் கடைகளுக்கு மரவேலை செய்து கொடுத்தேன். பெரிய வீடுகளைப் பிரிக்கும்போது வரும் தேக்குத் தூண், நிலை, கதவு ஆகியவற்றில் உடைந்தவற்றைச் சரிசெய்வது என் வேலை. முறிந்த தூண் என்றால் இரண்டு பக்கமும் துளைபோட்டு உள்ளே இரும்புக் கம்பியை இறக்கி, பசை வைத்து இறுக்கி, மேலே மரத்தூள் பூசி மெருகேற்றிவிடுவோம். அப்படிக் கம்பி போட்ட தூண் ஒன்றுகூட முறிந்தது என்று திரும்பி வந்ததில்லை. ஒட்டுப்போட்ட பொருள் என்பதை நாங்களாக வாங்குகிறவரிடம் சொல்லமாட்டோம், ஆனால் அவர் வாய்விட்டுக் கேட்டால் மறைக்கமாட்டோம். அந்தத் தொழிலில் எங்களுக்கு இருந்த நியாயம் அவ்வளவுதான்.

அதன் பிறகு மரத்தூசி ஒத்துக்கொள்ளாமல் 2016-இல் சைக்கிள் பட்டறை போட்டேன். மூன்று வருடமாக மேட்டிலிருந்து கீழே இறக்கிப் பந்தயம் விடும் டவுன்ஹில் சைக்கிள்களையும் பார்த்து வருகிறேன். இந்தச் சைக்கிளுக்கு உயிர் அதன் பிரேம். தளர்ந்த பிரேம் வளைவில் ஓட்டுகிறவர் சொன்ன பேச்சைக் கேட்காது, ரொம்பவும் விறைப்பான பிரேம் கல்லில் பட்டுத் தெறிக்கும். இதைக் கையால் அமுக்கிப் பார்த்தால் தெரியாது. ஆகவே பட்டறைத் தரையில் தண்டவாளத் துண்டு ஒன்றைக் காங்கிரீட்டில் நட்டு, பிரேமின் தலைப்பக்கத்தை, அதாவது ஹேண்டில்பார் பொருத்தும் முனையை, அதில் இறுக்கி, பெடல் அச்சில் நாற்பது கிலோ எடையைத் தொங்கவிட்டு, எத்தனை மில்லிமீட்டர் வளைகிறது என்று டயல் கேஜில் பார்ப்பேன். மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் பையன்கள் பிரேமைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு, கொஞ்சம் தலைக்கனமும் உண்டு என்று என் மனைவி சொல்வாள்.

கதிரவனும் ஹரீஷும் இரண்டு வருடமாக என் பட்டறைக்கு வருகிறவர்கள். கதிரவன் தனியார் மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்யும் வேலையில் இருந்தார். அக்டோபரில் நடக்கும் மாநில அணித் தேர்வுப் பந்தயத்துக்கு இருவரும் பழகிக்கொண்டிருந்தார்கள். இருவருடைய பழைய பிரேமும் சரியில்லாததால் என்னைப் பார்த்து நல்லதாக இரண்டு எடுத்துத் தரச் சொன்னார்கள்.

அதன் பிறகு 30.08.2025 சனிக்கிழமை திருப்பத்தூரைச் சேர்ந்த வியாபாரி சேவுகப்பெருமாள் இரண்டு அலுமினிய பிரேம்களைக் கொண்டுவந்தார். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு, கறுப்பு நிறம். "கடையில சும்மா மாட்டி வச்சிருந்ததுண்ணே, ஒரு நா கூட ஓட்டினதில்ல" என்றார். அதே மாடலில் புது பிரேம் ஒன்றை ஜூன் மாதம் நான் சோதித்திருந்தேன். அதன் வளைவு 2.8 மில்லிமீட்டர் என்றும் எடை 3,640 கிராம் என்றும் என் நோட்டில் இருக்கிறது. சேவுகப்பெருமாள் கொண்டுவந்ததில் முதல் பிரேம் 2.2 வளைந்தது, இரண்டாவது 2.3. புதியதைவிடப் பழையது விறைப்பாக இருந்தது. தராசில் வைத்தபோது முதலாவது 3,950 கிராம் காட்டியது, அதாவது முந்நூற்றுப் பத்து கிராம் கூடுதல். இரண்டாவதும் ஏறக்குறைய அப்படியே.

அலுமினியம் ஓடி ஓடித் தளருமே தவிர இறுகாது என்பது எனக்குத் தெரியும். தலையிலிருந்து பெடல் அச்சுக்கு இறங்கும் கீழ்க்குழாய்க்குள் இரும்புக் குழாயைச் செருகியிருக்கிறார்கள் என்று அப்போதே எனக்குத் தோன்றியது. தோன்றியதும் நான் பயப்படவில்லை, சந்தோஷப்பட்டேன். தூணுக்குள் கம்பி இறக்கியதைப் போல யாரோ விவரமாகச் செய்திருக்கிறான், இனி இது முறியவே முறியாது என்று நினைத்தேன். தூண் நின்ற இடத்தில் நிற்கும், இது ஆறடி உயரத்திலிருந்து விழுந்து விழுந்து எழும் பொருள் என்பதை நான் யோசிக்கவில்லை. ஒரு காசை எடுத்துக் குழாய் நெடுகத் தட்டியிருந்தால் இரும்பு எதுவரை போகிறது என்று சத்தமே சொல்லியிருக்கும். அதையும் செய்யவில்லை. டயல் கேஜ் இருக்கும்போது காசு எதற்கு என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் 31.08.2025 அன்று இருவரையும் வரவழைத்து நோட்டைக் காட்டி, "புதுச வாங்கினா கூட இந்த விறைப்பு கிடைக்காது, கண்ண மூடிக்கிட்டு எடுங்க" என்று சொன்னேன். முதல் பிரேமைக் கதிரவனும் இரண்டாவதை ஹரீஷும் எடுத்துக்கொண்டார்கள். எடை ஏன் கூடுதலாக இருக்கிறது என்று இருவரில் யாராவது கேட்டார்களா என உதவி ஆய்வாளர் வினவினார். யாரும் கேட்கவில்லை.

அதன் பிறகு 13.09.2025 சனிக்கிழமை மாலை, கதிரவன் வீட்டில் அவருடைய தாயார் பொன்னுத்தாயி முன்னிலையில், "நாளைக்கு நீ விழத்தான்டா போற, பாரு" என்று ஹரீஷ் சொன்னது உண்மை. அப்போது நானும் அங்கே இருந்தேன். கதிரவன் அவர் முதுகில் ஓர் அடி போட்டுவிட்டுச் சிரித்தார். அந்தப் பேச்சை வைத்துத்தான் அந்த அம்மா ஹரீஷ்மேல் புகார் கொடுத்திருக்கிறார்கள். பெற்ற வயிறு, அவர்களைக் குறை சொல்லமாட்டேன்.

14.09.2025 ஞாயிறு காலை ஆறேகால் மணிக்கு நாங்கள் மூவரும் நெற்குப்பை போகும் வழியில் இப்போது வேலை நடக்காத கல்குவாரி மேட்டுக்குப் போனோம். நான் தேர்ந்தெடுத்த பிரேம் எப்படி ஓடுகிறது என்று பார்க்கும் ஆசையில் போனேன், எனக்கு வேறு வேலை இல்லை. கிளம்புமுன் ஹரீஷ் கதிரவனின் ஹேண்டில்பார் போல்ட் நான்கையும் முறுக்கினார். அவர் தளர்த்தவில்லை, முடுக்கினார். நான் பக்கத்தில் நின்றேன். உடைந்து விழுந்த முன்பகுதி இந்த நிலையத்தில் இருக்கிறது, அதில் நான்கு போல்ட்டும் இன்னும் இறுக்கமாக இருப்பதை யாரும் திருகிப் பார்க்கலாம்.

முதல் தடவை இறங்கிவிட்டு மேலே வந்த கதிரவன், "அண்ணே, அங்குட்டு மூணாவது வளைவுல கோடு போட்ட மாதிரி போகுதுண்ணே" என்றார். எனக்கு வாயெல்லாம் பல். இரண்டாம் தடவை இறங்கிவிட்டு அவர் மேட்டில் மிதித்து ஏறி வரும்போது பிரேமிலிருந்து கிர், கிர் என்று ஒரு சத்தம் வந்தது. கதிரவன் இறங்கி என்னைப் பார்த்தார். பெடல் அச்சில் கிரீஸ் காய்ந்திருக்கும் என்று சொல்லி நான் கிரீஸ் வைத்துவிட்டேன். பெடலைக் கையால் சுற்றிப் பார்த்தபோது சத்தம் வரவில்லை. ஆனால் அப்போது சைக்கிளில் யாரும் ஏறியிருக்கவில்லை.

அதன் பிறகு ஹரீஷ் நேரம் பார்ப்பதற்காகக் கைபேசியுடன் கீழே போனார். ஆறு ஐம்பது மணியளவில் கதிரவன் மூன்றாம் தடவை இறங்கினார். ஆறடிப் பள்ளத்தில் குதித்து இரண்டு சக்கரமும் தரையில் பட்ட அதே நேரத்தில் கீழ்க்குழாய் அறுந்தது, மேல்குழாய் தாங்காமல் அதுவும் முறிந்தது. ஹேண்டில்பாரும் முன்சக்கரமும் ஒரு பக்கம் போயின, அவர் தலைகீழாகக் கல்மேல் விழுந்தார். தலைக்கவசம் போட்டிருந்தார், ஆனால் கழுத்தில் அடி. ஹரீஷ்தான் முதலில் ஓடி வந்து அவரைத் தூக்கினார். மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டதாக மருத்துவர் சொன்னார். அப்போது ஹரீஷ் கையிலிருந்த கைபேசியில் நேரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, நாற்பத்தொரு நிமிடம் சொச்சம். நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அதற்கு முன், ஹரீஷ் அவரைச் சைக்கிள்களை ஏற்றி வந்த வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது நான் உடைந்த குழாயின் வாயைப் பார்த்தேன். அலுமினியத்துக்குள் இரும்புக் குழாய் இருந்தது, இரும்பு எந்த இடத்தில் முடிந்ததோ சரியாக அதே இடத்தில் அலுமினியம் அறுந்திருந்தது. பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு சில்லு கிடந்தது. அதன் ஒரு ஓரம் புதிதாக முறிந்து வெள்ளையாக மின்னியது, மறு ஓரம் பழைய விரிசலாகிக் கறுத்து, மேலே பட்டி பூசிப் பெயிண்ட் அடித்திருந்தது. அந்தச் சில்லை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை. எதற்கு எடுத்தேன் என்றால், பயந்துபோய் எடுத்தேன். அதை இப்போது உதவி ஆய்வாளரிடம் ஒப்படைத்துவிட்டேன்.

நேற்று மாலை ஹரீஷை அழைத்துப்போன செய்தி கேட்டும் நான் வரவில்லை. உள்ளே இருக்கும்வரை அவர் அந்த இரண்டாவது பிரேமில் ஏறமாட்டார், ஆகவே பத்திரமாகத்தான் இருக்கிறார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இப்படி நினைத்ததற்கு வெட்கப்படுகிறேன். இன்று பகல் பன்னிரண்டு மணிக்குத் துணி துவைக்க எடுத்த என் மனைவி சட்டைப்பையிலிருந்த சில்லைப் பார்த்துவிட்டு, "இது அந்தப் பையன் வண்டியில உள்ளதுதானே? இத வச்சுக்கிட்டா நேத்துலருந்து சும்மா இருக்கீக?" என்று கேட்டாள். "ரெண்டு அம்மாவுக்கும் நீகதான் பதில் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். அதன் பிறகு குளித்துவிட்டுப் புறப்பட்டு வந்தேன்.

இதுவரை சொல்லி முடித்ததும், ஹரீஷின் சைக்கிளைத் தட்டிப் பார்க்க அனுமதி கேட்டேன். உதவி ஆய்வாளரும் இரண்டு காவலர்களும் வேப்பமரத்தடிக்கு வந்தார்கள், ஹரீஷையும் அழைத்து வந்தார்கள். நான் ஒரு ரூபாய்க் காசை எடுத்துக் கீழ்க்குழாயைப் பெடல் பக்கத்திலிருந்து மேல்நோக்கித் தட்டிக்கொண்டே போனேன். கணீர் என்று வந்த சத்தம், தலைக்கு ஒரு சாண் கீழே வந்ததும் டொக்கென்று செத்துவிட்டது, உள்ளே இரும்பு இருப்பது அங்கிருந்துதான். திரும்பவும் தட்டச் சொன்னார்கள், திரும்பவும் அப்படியே. சற்று முன் அதில் சுற்றி வந்த காவலர் சைக்கிளை விட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். ஹரீஷ், "எனக்குமாண்ணே?" என்று மட்டும் கேட்டார். நான் ஆமாம் என்றேன்.

அதன் பிறகு உள்ளே வந்ததும், எழுதிய அனைத்தையும் எழுத்தர் வாசித்துக் காட்டினார். கையெழுத்துப் போடப் பேனா கொடுத்தார்கள். எதிர்ப் பெஞ்சில் ஹரீஷ் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு இன்னும் கொஞ்சம் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டதன் பேரில் பின்வருவது சேர்க்கப்படுகிறது.

எடையைப் பற்றி யாரும் கேட்கவில்லை என்று மேலே நான் சொன்ன வரி பொய். 31.08.2025 அன்று பிரேமை ஒற்றைக் கையில் தூக்கிப் பார்த்த கதிரவன், "அண்ணே, இம்புட்டுக் கனம் இருக்காதே, உள்ள எதுவும் வச்சு ஒட்டியிருக்காகளா?" என்று என்னிடம் வாய்விட்டுக் கேட்டார். ஹரீஷ் பக்கத்தில் நின்றார். ஒட்டு என்று ஒப்புக்கொண்டால் பையன்கள் வேண்டாம் என்று போய்விடுவார்கள், கண்ணை மூடிக்கொண்டு எடுக்கச் சொன்ன என் வாக்கு என்ன ஆவது என்ற வீம்பில், "பெயிண்டு ரெண்டு கோட்டு கூட அடிச்சிருக்கான்டா, வேற ஒண்ணுமில்ல" என்றேன். ஒரு பிரேமில் அடிக்கும் பெயிண்ட் நூறு கிராம்கூட வராது என்பது எனக்குத் தெரியும். "நீக சொன்னாச் சரிண்ணே" என்று சொல்லிவிட்டுக் கதிரவன் அதைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

பொய்யான அந்த வரியை அடிக்க வேண்டாம், இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த ஒரு வரி நீங்கலாக நான் சொன்னது முழுவதும் நடந்தது நடந்தபடி. இரண்டாம் முறை வாசிக்கக் கேட்டு, சரியென்று ஒப்புக்கொண்டு, மாலை நான்கு நாற்பதுக்குக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) மு. செம்மலை