ஓதெத் வார்னியே தெரு

காலையில் சூடான ரொட்டி இல்லாவிட்டால் எனக்கு நாள் ஓடாது, ஐயா. அன்றும் ரொட்டி வாங்கத்தான் கிளம்பினேன். இல்லையென்றால் வாசலில் நின்ற கிழவியைப் பார்த்தே இருக்க மாட்டேன். நீங்களும் இப்படி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

பெயர் அனாத்தோல் பெர்ஷே. எண்பத்தோரு வயது. ஓய்வுபெற்ற தபால்காரன், பாடகி ஓதெத் வார்னியே நினைவுச் சங்கத்தின் தலைவர். அவருடைய ‘நாளைக்கு வரமாட்டேன்’ பாட்டைக் கேட்டு உங்கள் அம்மாவும் அழுதிருப்பார். அழாத அம்மா பாரிஸில் கிடையாது. 1979இல் நாட்டின் மேற்கே பிரித்தானிக் கடற்கரையில் அவருடைய படகு மட்டும் ஒதுங்கியது. அவருடைய தொப்பி ஒன்றைப் பெட்டியில் வைத்து அடக்கம் செய்தோம். ஒரு லட்சம் பேர் வந்தார்கள். ஒரு தொப்பிக்கு அவ்வளவு கூட்டம் இந்த நாட்டில் வேறெப்போதும் கூடியதில்லை.

எங்கள் பெல்வில் மேட்டில் தொண்ணூற்று நான்கு படிகள் கொண்ட ஒரு சந்து இருக்கிறது. அதற்கு அவர் பெயரை வைக்கச் சொல்லி இருபது வருஷம் மனு எழுதினேன். நகரசபை விதி கறாரானது. இறந்து ஐந்து வருஷமாவது ஆனவர் பெயரைத்தான் தெருவுக்கு வைப்பார்கள். உடல் கிடைக்கவில்லையே என்று இழுத்தடித்துக் கடைசியில் சம்மதித்தார்கள். நீலப் பலகை மாட்டித் துணியால் மூடியாயிற்று. மறுநாள் பதினொரு மணிக்கு மேயர் திறப்பதாக ஏற்பாடு.

அப்போதுதான் இந்தக் கிழவி. கையில் ஆட்டுப்பால் சீஸ் கட்டி ஒன்று.

“நீங்கதானே பெர்ஷே? என் பேருல தெரு வைக்கிறீங்கன்னு பேப்பர்ல படிச்சேன். ரொம்ப நன்றி, முசியே.”

இப்படி இதற்கு முன்பும் ஆறு பேர் வந்திருக்கிறார்கள். வழக்கம்போலப் பாடச் சொன்னேன். தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று பாடினார். மூன்றாவது வரியில், இசைத்தட்டில் ஓதெத் இழுக்கும் அதே மூச்சு வந்தது.

“மதாம், நீங்க செத்துட்டீங்க,” என்றேன், மரியாதையாகத்தான்.

“ஒரே பாட்டை ஆறாயிரம் தடவை பாடிப்பாருங்க, நீங்களும் செத்துருவீங்க. கோர்சிகா தீவுல ஆடு மேய்ச்சுக்கிட்டிருந்தேன். வரமாட்டேன்னு பாட்டுலயே சொல்லிட்டுத்தானே போனேன்? ஒருத்தராவது காது குடுத்துக் கேட்டீங்களா?”

“இப்ப மட்டும் ஏன் வந்தீங்க?”

“ஆடு கைதட்டாது, முசியே. நாளைக்கு மேயர் பக்கத்துல நின்னு நானே துணிய இழுக்கப்போறேன்.”

விதியை எடுத்துச் சொன்னேன்.

“அப்படின்னா பலகையக் கழட்டிட்டுப் போகட்டும். நான்தான் இருக்கேனே, போதாதா?”

நியாயமான கேள்வி. நானும் நியாயமாகவே யோசித்துப் பார்த்தேன். போதாது.

பலகையைப் பார்க்க வேண்டும் என்றார். கைத்தாங்கலாக மேல்படிவரை கூட்டிப்போனேன். துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். ‘ஓதெத் வார்னியே தெரு. பாடகி. 1921–1979.’

“எனக்கு ரெண்டு வயசு கூட்டிட்டீங்களே, பாவி மனுஷா,” என்று சிரித்தார். குழந்தை மாதிரிச் சிரிப்பு.

இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது படியில் நான் கையை எடுத்துக்கொண்டேன். தள்ளவில்லை, அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். மீதித் தொண்ணூற்றொரு படியையும் அவரே பார்த்துக்கொண்டார். கட்டி மட்டும் என் காலடியில் கிடந்தது. வீணாக்கக் கூடாதென்று எடுத்துவந்து சாப்பிட்டேன். நல்ல கட்டி.

மறுநாள் திறப்பு விழா பிரமாதம். முந்தின நாள் வழுக்கி விழுந்த பெயர் தெரியாத மூதாட்டிக்காக மேயர் ஒரு நிமிடம் மௌனம் அனுசரித்தார். படிக்குக் கைப்பிடிக் கம்பி போடவும் உத்தரவிட்டார். நாலு வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருந்த கம்பி. பிறகு இசைத்தட்டில் அந்தப் பாட்டைப் போட்டார்கள். எல்லோரையும்விட அதிகமாக அழுதது நான்தான். சங்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இப்போது நீங்கள் விழுந்த கிழவியின் பல்லை வைத்துப் பரிசோதித்து, அது ஓதெத் வார்னியேதான் என்கிறீர்கள். அவர் இறந்து மூன்று வாரமே ஆகிறது, இன்னும் ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டும் என்று நகரசபை பலகையைக் கழற்றியும்விட்டது. தண்டனை எதுவானாலும் சரி. ஆனால் அவரை நான் கொன்றதாக மட்டும் எழுதாதீர்கள். அவர் 1979இல் இறந்துவிட்டார். கழற்றிய பலகையை எடுத்துப் பாருங்கள், போட்டிருக்கிறது. படியில் நான் கைவிட்டது, அச்சு அசலாக அவரைப் போலவே பாடத் தெரிந்த யாரோ ஒரு கிழவியை.