முதல் பலகை

டீ நன்றாக இருக்கிறது, சார். எங்கள் கீழ்வேளூர்க் கடைகளில் சர்க்கரையை அள்ளிக் கொட்டிவிடுவார்கள்.

இழைப்பு மெஷினைப் பற்றிக் கேட்டீர்கள். ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. நடுவில் கத்தி சுழலும். முன்மேசையில் பலகையை வைத்துத் தள்ளினால், கத்தி சீவச் சீவப் பின்மேசையில் போய் ஏறும். பின்மேசையும் கத்தி முனையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். பின்மேசை முடியளவு உயர்ந்தாலும் பலகை முட்டிக்கொண்டு நிற்கும். நிதானக்காரன் சுவிட்சை அணைப்பான். என் மாப்பிள்ளை ஜெனித் முட்டினால் இன்னும் அழுத்தித் தள்ளுவார். எத்தனையோ தரம் சொல்லியாயிற்று, கேட்டால்தானே.

தங்கமான பிள்ளை, குறை சொல்லமாட்டேன். குவைத்தில் வேலை கிடைத்தது. ஜூனில் ஆற்றில் தண்ணீர் வருவதற்குள் என் மகள் பிரின்ஸியையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு புறப்படுவதாகச் சொன்னார். பிரின்ஸி தாயில்லாப் பிள்ளை, நான் தூக்கி வளர்த்தவள். அவள் இல்லாத வீட்டில் எனக்குச் சோறு இறங்குமா?

மே மாதம் சூசையப்பர் திருநாளன்று பட்டறையில் புதுக் கத்தி போடுவோம். சாமியார் தீர்த்தம் தெளித்ததும் முதல் பலகையை வீட்டுக்கு மூத்தவர் தள்ள வேண்டும். இந்த வருஷம் அந்த மரியாதையை அவருக்குக் கொடுத்தேன்.

"நீங்க தள்ளுங்க மாப்பிள்ளை. ஊர விட்டுப் போறவங்க."

"நீங்க இருக்கையில நானா மாமா?" என்று கூச்சப்பட்டார்.

"பின்ன யாரு?" என்றேன்.

துடைப்பதற்காகக் கத்தி மூடியைக் கழற்றியிருந்தேன். மாட்ட மறந்துவிட்டதாக முதலில் உங்களிடம் சொன்னேன், அது பொய். பின்மேசையையும் நான்தான் ஏற்றினேன். ஏற்றியது மட்டும்தான் நான். தள்ளியது அவர். பலகை முட்டியது, அழுத்தினார், கை வழுக்கியது. வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிச்சம். வேட்டியைக் கிழித்துக் கட்டியதும் நான்தான், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதும் நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிரின்ஸி பட்டறைக்குப் போய் மேசையில் மட்டக்கோலை வைத்துப் பார்த்திருக்கிறாள். சின்ன வயதில் நான் சொல்லிக்கொடுத்தது. பின்மேசை உயர்ந்திருப்பதைக் கண்டுபிடித்து நேரே ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்துவிட்டாள். எனக்குக் கோபமில்லை, பெருமையாகத்தான் இருந்தது.

குவைத்திலிருந்து மறுபடி கூப்பிடுகிறார்களாமே. மேற்பார்வைக்கு ஒரு கை போதுமாம். போகட்டும், எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். அதற்குள் என்னை ஒருமுறை பட்டறைக்கு அனுப்பிவிடுங்கள், சார். இடக்கையால் தள்ளுகிறவருக்கு மெஷினை வேறு விதமாக வைக்க வேண்டும், அது எனக்குத்தான் தெரியும்.