நீலத் துளியும் ஐந்து வாரமும்

வெள்ளைச் சட்டையில் நீலத் துளி விழுந்துவிட்டால் சோப்பைத் தேய்த்துப் பயனில்லை. வைட்டமின் சி மாத்திரை ஒன்றைப் பொடித்து, ஈரத் துணியில் எடுத்து, கறையின்மேல் ஒற்ற வேண்டும்; கண் முன்னே நிறம் மங்கிப்போகும். அரிசோனாவின் வெர்டே பள்ளத்தாக்கில் எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் இந்த உபாயம் தெரியும். கற்றுக்கொடுத்தவன் நான். அதிகாரி அவர்களே, உங்கள் மேசைமேல் மடித்து வைத்திருக்கும் என் சட்டையைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

என் பெயர் வென்டல் ப்ரூக்கர். பதினோர் ஆண்டுகளாக மேடையில் பேசுகிறேன். பேசியதை அச்சிட்டு வழங்குகிறேன். மனிதனை நோயாளியாக்கி, நோயாளியை வாடிக்கையாளனாக்கி, வாடிக்கையாளனைச் சாகும்வரை விடாத ஓர் ஏற்பாட்டை எதிர்த்து நின்றவன் நான். அதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. களைப்பென்று வந்தவர்களிடம் மருத்துவர் ஏழு நிமிடம் பேசினார். நான் ஒரு மணி நேரம் கேட்டேன். யாரை அவர்கள் நம்பியிருப்பார்கள்?

மெத்திலீன் புளூ என்ற சாயத்தை நான் கண்டுபிடிக்கவில்லை. மருத்துவமனைகளில் அது நெடுங்காலமாக மருந்தாக இருக்கிறது. அதைத் தண்ணீரில் விட்டுக் குடித்தால் சோர்வு நீங்கும், புத்தி தெளியும் என்று நாடு முழுவதும் பேச்சு எழுந்தபோது, மீன்தொட்டிக்கு விற்கிற புட்டியை வாங்கிக் குடித்தவர்களும் இருந்தார்கள். அவர்களைத் தடுத்தவன் நான். ‘நீலத்தைப் பத்திரமாக அருந்துவது எப்படி’ என்ற என் பிரசுரம் நான்கு கேள்விகளைக் கேட்கிறது. தூய்மை சோதிக்கப்பட்ட சரக்கா? பரம்பரையாக வரும் இரத்தக் குறை ஏதும் உண்டா? கர்ப்பமா? மனச்சோர்வுக்கு மாத்திரை உண்டா? ஒன்றில் தவறினாலும் துளி கிடையாது. பாதுகாப்பு என்ற சொல்லை அந்தப் பள்ளத்தாக்கில் என்னைவிட அதிகமாக உச்சரித்தவர் இல்லை.

முதற் பதிப்பில் நான்காம் கேள்விக்குக் கீழே ஒரு வரி இருந்தது. மாத்திரையை இன்று நிறுத்தினாலும் அதன் சாரம் இரத்தத்தில் தங்கும். ஐந்து வாரம் காத்திருக்க வேண்டும். காத்திராமல் நீலம் அருந்தினால் வேர்வையும் நடுக்கமும் காய்ச்சலும் கண்டு உயிரும் போகலாம். இரண்டாம் பதிப்பில் அந்த வரியை எடுத்துவிட்டேன். காத்திருக்கச் சொன்னவர்களில் பாதிப் பேர் திரும்பி வரவில்லை. இரண்டாம் வாரமே பழைய மாத்திரைக்குப் போய்விட்டார்கள். விடுதலைக்கு ஐந்து வாரத் தவணை சொன்னால் அடிமை தன் சங்கிலிக்கே திரும்பிவிடுகிறான் என்று அப்போது எழுதிவைத்தேன். நல்ல வாக்கியம் என்றுதான் நினைத்தேன்.

வரி போன இடத்தில் ஒரு வழக்கம் வந்தது. பழைய தீவனக் கிடங்குதான் எங்கள் அரங்கம். அதன் மேடையில் ஒரு பெரிய ஊறுகாய் ஜாடி இருக்கும். மாத்திரைக்கு விடைகொடுக்க விரும்புகிறவர் தம் குப்பியை எல்லார் முன்னிலையிலும் அதில் போடுவார், நாங்கள் கைதட்டுவோம். குப்பி ஜாடியின் அடியைத் தொட்ட கணத்திலிருந்து நான்காம் கேள்விக்கு அவருடைய விடை ‘இல்லை’. உடனே துளி, உடனே அனைவரும் நீல நாக்கை நீட்டி வரவேற்பு. குப்பி ஜாடிக்குள் போனால் மருந்தும் உடம்பைவிட்டுப் போயிற்று என்று நூற்று நாற்பது பேர் நம்பினார்கள். படித்தவர்களும் நம்பினார்கள். நான் அதை ஒருபோதும் வாயால் சொன்னதில்லை. கைதட்டினேன், அவ்வளவுதான்.

ஓபல் ஹாஸ்கின் மட்டும் கேட்டாள். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவள். கணவன் இறந்ததிலிருந்து பன்னிரண்டு ஆண்டுகளாக மாத்திரை விழுங்கியவள். ஒரு புதன்கிழமை, நெடுஞ்சாலையோர உணவகத்தில், பீச் பழம் வைத்துச் சுட்ட ‘பை’ பலகாரத்தைத் தின்றுகொண்டிருந்த என் எதிரே வந்து உட்கார்ந்து, என் பிரசுரத்தின் இரண்டு பதிப்புகளையும் மேசையில் வைத்தாள்.

“வென்டல், இருபத்தெட்டு வருஷம் டயர எட்டி உதைச்சுப் பாத்துட்டுத்தான் பஸ்ல ஏறுனவ நான். உங்க புஸ்தகத்த மட்டும் உதைக்காம விட்டுருவேனா?”

“உதைங்க ஓபல். காத்து இருக்கான்னு தெரியட்டும்.”

“பழசுல அஞ்சு வாரம்னு ஒரு வரி இருக்கு. புதுசுல காணோம். எங்க போச்சு?”

“தப்புன்னு தெரிஞ்சுது. எடுத்துட்டேன்.”

“யாருக்குத் தெரிஞ்சுது?”

“எனக்குத்தான். நானும் உங்க மாத்திரையையே முழுங்குனவன். திங்கக்கிழமை நிறுத்துனேன், செவ்வாய்க்கிழமை நீலம் குடிச்சேன். செத்தா போயிட்டேன்? எதுத்தாப்புல உக்காந்து பை தின்னுட்டிருக்கேன்.” நீலம் படிந்த நாக்கை நீட்டிக் காட்டினேன்.

“ஐய, உள்ள போடுங்க. காப்பி ஊத்த வர்ற பொண்ணு பயந்து ஓடிரும்.” சிரித்தாள். அந்தச் சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது. அவளுக்கும் அது தெரிந்தது. “பேத்தி கல்யாணம் வருது வென்டல். அன்னிக்காவது நெசமா சிரிக்கணும், நெசமா அழணும். இந்த மாத்திரை ரெண்டையும் அடைச்சு வெச்சிருக்கு. விடணும்தான். ஆனா நீங்க இப்ப சொன்னத சனிக்கிழமை மேடையில எல்லாருக்கும் சொல்லணும். நீங்க சொல்லலேன்னா அந்தப் பழைய வரிய நானே வாசிச்சுக் காட்டுவேன்.”

மேடையில் நிற்கிறவனுக்கு ஒரு வரி என்ன செய்யும் என்பது தெரியும். அவள் அதை வாசித்தால், கூட்டத்தில் முதலாவதாக ஒருவர் எழுந்து ‘எனக்கும் அன்றிரவு நடுக்கம் வந்தது’ என்பார். பிறகு இன்னொருவர். அப்படிச் சிலருக்கு வந்திருந்தது. என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார்கள். தேறிக்கொண்டிருக்கிறது உடம்பு என்று பதில் சொல்லியிருந்தேன்.

சனிக்கிழமை அவள் கைப்பையில் பழைய பதிப்பு இருந்தது, பக்கத்தை மடித்திருந்தாள். அவள் வாய் திறக்குமுன் நானே பெயரைச் சொல்லி அழைத்தேன்.

“மொதல்ல நீங்க வாங்க ஓபல். அந்த வரிய அப்புறம் நானே பேசுறேன்.”

அவளுடைய தங்கை நெட்டி கையைப் பிடித்தாள். நெட்டி ஊரில் சலவைக் கடை நடத்துகிறவள். என் துணிகளையும் துவைக்கிறவள். நீலத்தை அவள் தொட்டதேயில்லை.

“அக்கா, குப்பியப் போட்டுட்டு வந்துரு. குடிக்கிறத அடுத்த மாசம் பாத்துக்கலாம்.”

“நீ பொறந்ததுலேருந்து பிரேக்கத்தான் மிதிக்கிற நெட்டி. தள்ளு.”

குப்பி ஜாடியில் விழுந்தது. கடைசி மாத்திரையை அவள் முந்தின இரவு விழுங்கியிருந்தாள். மற்றவர்களுக்குத் துளிகளாக எண்ணி விடுகிற நான், அவளுக்குப் பெரிய கரண்டியில் ஊற்றினேன். துளிகளை எண்ண நேரமில்லை என்று உங்களிடம் முதல் நாள் சொன்னேன். இன்று அப்படிச் சொல்ல மாட்டேன்.

ஒரு மணி நேரத்துக்குள் அவளுக்கு வேர்த்தது. பிறகு கால்கள் தாமாகத் துடித்தன, தாடை இறுகியது, உடம்பு கொதித்தது. ஒவ்வோர் அறிகுறியும் நான் அச்சிட்ட வரிசையில் வந்தது. எழுதியவன் என்ற முறையில் அதைக் கவனித்தேன். நெட்டி தொலைபேசியை எடுத்தபோது அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, விஷம் வெளியேறுகிறது, இடையூறு செய்யக் கூடாது என்று கூட்டத்துக்கு விளக்கினேன். நன்றாகப் பேசினேன். நெட்டி கையை உதறி ஆம்புலன்ஸை அழைக்கும்வரை நாற்பது நிமிடம் பேசினேன். அதற்குள் அவளுடைய கைப்பையிலிருந்த பழைய பதிப்பு என் சட்டைக்குள் வந்துவிட்டது.

ஆம்புலன்ஸில் கூடச் சென்றவன் நான்; மருத்துவமனையில், நெட்டி வந்து சேருமுன், ஓபல் என்ன உட்கொண்டாள் என்று கேட்டார்கள், வைட்டமின் என்றேன். நீலம் இரத்தத்தில் இருக்கும்போது விரலில் மாட்டுகிற கருவி பிராணவாயுவைக் குறைத்துக் காட்டும். அவர்கள் நுரையீரலில் நோயைத் தேடிக்கொண்டிருந்தார்கள். குழாய்வழியே சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பையில் நீலம் இறங்கியபோதுதான் ஓர் இளம் தாதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் ஓபல் இறந்தாள். பேத்தியின் திருமணத்துக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. ஐந்து வாரம் காத்திருந்தாலும் நேரம் மிஞ்சியிருக்கும்.

இனிச் சட்டைக்கு வருவோம். அன்று ஓபல் நடுங்கிய கையால் தட்டிவிட்டதில், எனக்கென்று தனியே வைத்திருக்கும் நீலப் புட்டி என்மேல் கொட்டியது. திங்களன்று நெட்டி, அவள் கடைக்குப் போன என் துணிகளிலிருந்து அந்தச் சட்டையை எடுத்து, நான் கற்பித்தபடியே வைட்டமின் பொடியை வைத்து ஒற்றியிருக்கிறாள். கறை அசையவில்லை. அலுத்துப்போய்க் குழாயடியில் பிடித்தாளாம். வெறும் தண்ணீரில் ஓரம் வெளுத்து ஓடத் தொடங்கியதாம். மிச்சக் கறையோடு உங்களிடம் கொண்டுவந்திருக்கிறாள்.

“ஊரெல்லாம் குடிச்ச நீலம் பொடிக்கு அடங்குது சார். இவரு நீலம் பச்சத் தண்ணியில ஓடுது. இந்த மனுசன் அப்படி என்னத்தக் குடிக்கிறாருன்னு கேளுங்க” என்று அவள் சொன்னதாக நீங்கள் வாசித்துக் காட்டினீர்கள். கூர்மையான பெண். அக்காவைப் போலவே.

கேக்கின்மேல் பூசுகிற சாயம், அதிகாரி அவர்களே. ஊரார் கண்ணில் படும் நாளெல்லாம் அதைத்தான் நாக்கில் தடவிக்கொண்டேன். ஓபல் விழுங்கிய அதே மாத்திரையை ஒன்பது ஆண்டுகளாக நான் விழுங்கிவருகிறேன். திங்கட்கிழமை நிறுத்தியதுமில்லை, செவ்வாய்க்கிழமை நீலம் குடித்ததுமில்லை. இன்று காலையும் உங்கள் காவலர் தந்த தண்ணீரில் ஒன்றை விழுங்கினேன். ஆபத்தைத் தெரியாமல் செய்தேன் என்று என் வழக்கறிஞர் சொல்ல விரும்புகிறார். அது என் அறிவுக்கு இழுக்கு. தெரிந்து ஊற்றினேன், தெரிந்து தடுத்தேன், தெரிந்து பொய் சொன்னேன்.

ஆயினும் ஒன்றை மட்டும் நியாயமாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். பாதுகாப்பை நான் அலட்சியம் செய்ததாக உள்ளூர்ச் செய்தித்தாள் எழுதியிருக்கிறது, அது உண்மையன்று. என் பிரசுரத்தின் நான்கு விதிகளையும், ஒரு நாளும் தவறாமல், முழுமையாகக் கடைப்பிடித்தவன் அந்தப் பள்ளத்தாக்கில் நான் ஒருவனே.