சாயிப்பின் அதிகாரம்

— ஜெபக்கூட்டப் பந்தல்ல அழாதவன் உண்டாலே? மிளகுக் கிட்டங்கியில மூட்டை தூக்குற ராசப்பன் சேட்டன்கூட ஏங்கி ஏங்கி அழுதான். அதுக்குப் பேருதான் அதிகாரம், கேட்டியா. நம்ம போதகரும் பேசுதாரே, கொசு ரீங்காரம் போட்ட மாதிரி.

— எம்மா, அந்த அமெரிக்கச் சாயிப்பு சளி மருந்தைப் பத்திப் பேசியிருந்தாலும் நம்ம சபை அழுதிருக்கும். வெள்ளைத் தோலு, கறுப்புக் கோட்டு, ரெண்டு மைக்செட்டு. பரலோகம் மட்டாஞ்சேரிக்கு இறங்க வேற என்ன வேணும்?

— பழிக்காதலே ஞானமணி. அவர் பக்கத்துல நின்னு எல்லாத்தையும் தமிழ்ல சொன்னதே நீதானே.

— ஆமாம். அவர் கையை நீட்டினா நானும் நீட்டினேன். அவர் இருமினார், நானும் இருமினேன். அதுக்கும் முன்வரிசையில ஒரு அல்லேலூயா.

— எனக்கு அந்த ஒரு சொல்லுதான் நெஞ்சுல தச்சுட்டு. ‘நீ கதவைச் சாத்தி வெளியே நிறுத்தினவனை இன்னைக்கே கூப்பிடு, நாளைக்குன்னு தள்ளாதே.’ உடம்பே ஆடிப்போச்சு.

— ஆடட்டும். அதுக்காக இவ்வளவு கப்பைக் கிழங்கா? நாம ரெண்டு பேர்தானே.

— உங்கப்பனுக்கும் சேத்துதான் அவிச்சேன். ஆள் விட்டிருக்கேன்.

— யாருக்கு?

— உங்கப்பனுக்குலே. தேவராவுல ஒரு ஓட்டல்ல பாத்திரம் கழுவுதாராம். அந்த ஆலப்புழைக்காரி எப்பவோ துரத்திட்டாளாம்.

— பரம சந்தோஷம். அவள் வெளியே வீசினதை நாம பொறுக்கிக்கணுமாக்கும். உன் தாலியை வித்துட்டுப் போன ஆளும்மா அது.

— தாலி எங்கழுத்துல கிடந்தது. கதவைச் சாத்தினது நீயில்லா? பத்தாங்கிளாஸ் படிக்கையில, ‘இனி இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது’ன்னு. நான் உன் வாய்க்கு எதிர்வாய் பேசினேனா? இப்போ சாயிப்பே சொல்லிட்டாரு.

— சாயிப்பு சொல்லலை.

— பின்னே?

— அவர் பனியில கார் மாட்டிக்கிட்ட கதை சொன்னார். டயருக்குச் சங்கிலி சுத்தணுமாம். வேர்த்து ஒழுகிட்டு உக்காந்திருக்கிறவன்கிட்ட டயர்ச் சங்கிலியை எப்படித் தமிழ்ல சொல்ல? வாயில வந்ததை அடிச்சு விட்டேன்.

— தேவசமூகத்துல நின்னுக்கிட்டு இப்படி அடிச்சு விட்டியாலே?

— புரியாததைச் சத்தமாச் சொன்னா அதிகாரம், புரியறதை மெதுவாச் சொன்னா கொசு. இதுங்க எதுக்கெல்லாம் வாயைப் பிளக்கும்னு பார்த்தேன். பிளந்தது. ராசப்பன் அழுததுகூட அங்கேதான்.

— சாயிப்பு சும்மாவா இருந்தாரு?

— சங்கிலிக்குத்தான் இவ்வளவு மகிமைன்னு நினைச்சிட்டார். கண்ணை மூடி ரெண்டு கையையும் தூக்கிட்டார், நீ பார்க்கலையா?

— அப்போ அது ஆண்டவர் சொன்னது இல்ல.

— இல்லை.

— சாயிப்பு சொன்னதும் இல்ல.

— இல்லவே இல்லை. நான் சொன்னது. இப்பவே போய் அந்த ஆளை வர வேண்டாம்னு சொல்லு.

— நீயேதான் சொன்னியா? இன்னொருத்தர் சொல்லிக்கொடுக்கலையே?

— சத்தியமா நானேதான். நூறு பேர் முன்னால வேணும்னாலும் சொல்லுவேன்.

— வேண்டாம், ஒருத்தர் கேட்டாப் போதும். ஏங்க, உள்ள வாங்க! சாயிப்பு சொல்லி என்ன, எம்மவன் வாயால சொல்லாம வாசப்படி மிதிக்க மாட்டேன்னு புறவாசல்லயே நின்னீங்களே. அவன் சொன்னதுதானாம்.