பாலம் வந்தா எழுப்புங்க

— தாராளமா உக்காருங்கம்மா. அந்த ஜன்னலோர இடத்துக்காரர் இனிமே வரமாட்டாரு.

— தெரியும்ணே. நான் அவர் சம்சாரம். இவ அவரோட தங்கச்சி. ஓட்டல் சலவைக்கூடத்துல அவர் சாமான்களை வாங்கிட்டுத் திரும்பறோம். நீங்கதானே பைண்டர் அண்ணன்?

— அம்மா... நீங்களா? ஆமாம்மா, புத்தகம் பைண்டிங் பண்றவன்தான். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

— சட்டையில பசை வாசனை. வேலை முடிஞ்சு வந்தா அவர் கன்னத்துலயும் இதே வாசனைதான். துணி துவைக்கறவருக்குப் பசை எங்கேருந்து ஒட்டுச்சுன்னு கேட்டா, "என் தலகாணி வாசனைடி"ன்னு சிரிப்பாரு.

— தலகாணியா! சரியாத்தான் சொல்லியிருக்காரு. சொல்றேன் பாருங்க, இந்த ரயில் பெட்டியில ஆளுக்கொரு பொழுதுபோக்கு. அதோ அந்த நாலு பேரும் முட்டிமேல பெட்டியை வச்சு சீட்டாடுவாங்க. டீச்சரம்மா நோட்டு திருத்துவாங்க. கடைசி சீட்டுல இருக்கறவங்க இறங்கற வரைக்கும் கண்ணை மூடி சாமி கும்பிடுவாங்க. உங்க வீட்டுக்காரர் ராத்திரி டியூட்டி முடிச்சு ஏறுவாரு, "பாலம் வந்தா எழுப்புங்கண்ணே"ம்பாரு, சாஞ்சிடுவாரு. தூங்கறது அவர் வேலை. தோளை ஆட்டாம வச்சிருக்கறது என் வேலை. நாலு வருஷம்மா.

— ரொம்ப நல்லாயிருக்கு! நாலு வருஷம் எழுப்பினவருக்கு அன்னிக்கு மட்டும் என்ன வந்துச்சு?

— ஏய், சும்மா இருடி.

— எதுக்கு அண்ணி சும்மா இருக்கணும்? செத்தது என் அண்ணன்.

— கேக்கட்டும்மா. யாராவது கேக்கணும். இருபது நாளா ஒருத்தரும் கேக்கல. எல்லாரும் எனக்கு டீ வாங்கித் தர்றாங்க.

— அப்ப சொல்லுங்க.

— அன்னிக்கு ஏறும்போதே முகமெல்லாம் வேர்வை. "ரெண்டு ஷிப்ட்டு சேர்த்துப் பாத்தேன், முடியலண்ணே"ன்னாரு. பாலம் வந்துச்சு. தட்டினேன். அசையல. உடம்பு சூடா இருந்துச்சும்மா, சத்தியமா. இன்னொரு தடவை தட்டக் கை தூக்கினேன். அப்புறம், ஐயோ பாவம், தூங்கட்டுமேன்னு தோணிச்சு. கடைசி ஸ்டேஷன் போயிட்டு இதே வண்டிதானே திரும்பி வருது, கூடவே இருந்து இறக்கி விட்டுடலாம்னு...

— பாலத்தைத் தாண்டினதும் எங்க ஸ்டேஷன். அது வாசல்லயே ஆஸ்பத்திரி. தெரியுமா உங்களுக்கு?

— தெரியும்மா. இப்ப தினமும் ஜன்னல் வழியா அந்தப் போர்டைத்தான் பாத்துட்டுப் போறேன்.

— அண்ணே, நீங்க இறங்க வேண்டிய ஸ்டேஷனும் கடைசி இல்லையே?

— இல்லம்மா. அதுக்கு மூணு ஸ்டேஷன் முன்னாடி. நான் எழுந்தா அவர் தலை சரிஞ்சிடும். அதனால உக்காந்துட்டேன். வண்டி குலுங்கறப்பல்லாம் நெத்தி கம்பியில இடிச்சிடப் போகுதுன்னு இந்தக் கையால அணைச்சுப் பிடிச்சுக்கிட்டேன். கடைசி ஸ்டேஷன் வர வரைக்கும் அப்படியே பிடிச்சிருந்தேம்மா. அங்க எல்லாரும் இறங்கினப்புறம்தான்...

— அழாதீங்கண்ணே. எல்லாரும் பாக்கறாங்க.

— பாக்கட்டும்மா. தினமும் பாக்கறவங்கதானே.

— அண்ணி, பாலம். நம்ம ஸ்டேஷன் வந்துடுச்சு.

— போனா போகட்டும், உக்காரு. சொல்லுங்கண்ணே, மனசுல என்ன இருக்கு?

— ஒண்ணே ஒண்ணு கேக்கணும். வீட்டுக்கே வந்து கேக்கலாம்னு ரெண்டு தடவை இறங்கினேன், தெருமுனையோட திரும்பிட்டேன். டாக்டர் என்னம்மா சொன்னாரு? நான் இன்னொரு தட்டு தட்டியிருந்தா...?

— ஒண்ணும் ஆகியிருக்காதுண்ணே. வண்டியில ஏறின கொஞ்ச நேரத்துலயே போயிட்டாராம். பாலம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே. அப்ப யார் தட்டியிருந்தாலும் எழுந்திருக்க மாட்டாருன்னு டாக்டரே சொல்லிட்டாரு.

— எனக்காகச் சொல்றீங்களாம்மா?

— உங்களுக்காக நான் எதுக்குச் சொல்லணும்? தாலி கட்டினவர் போயிட்டாருண்ணே. உங்க மேல தப்பு இருந்தா சட்டையைப் பிடிச்சு உலுக்கியிருக்க மாட்டேனா?

— தங்கச்சி... நீங்க சொல்லுங்கம்மா. உங்களுக்குத்தான் என்மேல கோவம். நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. டாக்டர் சொன்னப்போ நீங்களும் கூட இருந்தீங்களா?

— இருந்தேன்.

— அப்படித்தான் சொன்னாரா?

— அண்ணி, அண்ணன் பையைக் கொஞ்சம் பிடிங்க.

— சொல்லுங்கம்மா.

— அப்படித்தான் சொன்னாரு. நீங்க போங்க, போய் வேலையைப் பாருங்க. வலியே இல்லாம போயிட்டாராம். தனியாப் போகலையே, அது போதும் எங்களுக்கு.

— சாமி! இருபது நாளாச்சும்மா நான் சரியாத் தூங்கி. நீங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கணும். புள்ளகுட்டி எல்லாம் நல்லா இருக்கணும். என் ஸ்டேஷன் வந்துடுச்சு, வரட்டுமா?

— போயிட்டு வாங்கண்ணே. பாத்து இறங்குங்க, கூட்டம் தள்ளுது.

— இறங்கிட்டாரா அண்ணி?

— இறங்கிட்டாரு. பிளாட்பாரத்துல நின்னு நம்மளையே பாக்கறாரு. கையைக் காட்டு. முகத்தை அப்படி வச்சுக்காதடி, சிரிச்ச மாதிரி காட்டு.

— காட்டறேன். காட்டிட்டேன். அண்ணி... எங்கண்ணன் சாவுல என்னையே பொய் சொல்ல வச்சிட்டீங்களே.

— பாலம் தாண்டினதுமே இறக்கியிருந்தா பொழைச்சிருப்பாருன்னு டாக்டர் சொன்னது, நம்ம ரெண்டு பேரோட போகட்டும்டி.