ஈரம் போகாத அறை

ஆர்கிட் என்றதும் எல்லாரும் பூக்கடையில் இருக்கும் பெரிய ஊதாப் பூவைத்தான் நினைக்கிறார்கள். என்னுடையவை வேறு. தென் அமெரிக்க மலைக்காடுகளில் மரக்கிளையைப் பற்றிக்கொண்டு, பாசியோடு பாசியாக வளரும் சின்னஞ்சிறு செடிகள். பூ அரிசியளவுதான். இலையின் மேலேயே ஒட்டிக்கொண்டு பூக்கும். ஒட்டுண்ணி என்று சிலர் சொல்வது தவறு. மரத்திடமிருந்து அவை எதையும் உறிஞ்சுவதில்லை. காற்றில் ஈரம் இருந்தால் போதும்.

எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. என் மனைவி வீட்டிலேயே துணி தைப்பாள். எங்கள் வீட்டில் படுக்கையறைக்குத்தான் கிழக்குப் பார்த்த ஜன்னல். அதனால் அதைச் செடிகளுக்கு விட்டுவிட்டு, கட்டிலை முன்னறைக்கு மாற்றினோம். அவளும் ஒரு பக்கம் பிடித்தாள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

காற்றில் ஈரம் குறையாமல் இருக்க, பனிமூட்டம் போல நீராவி விடும் மெஷின் ஒன்று வாங்கி வைத்தேன். இரவு பகலாக ஓடியது. நாளடைவில் சுவரெல்லாம் கறுப்பாகப் பூஞ்சை பிடித்தது. அவளுக்கு ஏற்கெனவே மூச்சிரைப்பு உண்டு, அது அதிகமானது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அந்த ரூமைக் காய விடுங்க. இன்னொரு தடவை பெருசா இழுத்தா அவங்க தாங்க மாட்டாங்க.”

சரி என்றேன். வீட்டுக்கு வந்து பூஞ்சையின் மேல் வெள்ளையடித்தேன். பார்க்கச் சுத்தமாக இருந்தது.

அன்றைக்கு மதியம் சாப்பிட வந்தபோது மெஷின் நின்றிருந்தது. ஜன்னல் திறந்து கிடந்தது. அவள் செடிகளுக்கு நடுவே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“இதையெல்லாம் நீங்க ஏறக்கட்டுற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேங்க.”

“சரி, இரு,” என்றேன்.

எனக்குக் கோபமே வரவில்லை. ஒரு மொட்டு விரியும் தறுவாயில் இருந்தது. உலர்ந்த காற்று பட்டால் கருகிவிடும். ஜன்னலைச் சாத்திப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன். வெளியே வந்து கதவைத் தாழிட்டேன். மெஷினின் சுவிட்ச் முன்னறையில்தான் இருக்கிறது. போட்டுவிட்டேன்.

அவளுடைய இன்ஹேலர் தையல் மெஷின் மேல் கிடந்தது. எடுத்து அவள் கைப்பையில் பத்திரமாக வைத்தேன். கண்ட இடத்தில் போட்டுவிட்டுத் தேடுவது அவள் வழக்கம்.

நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கதவைத் தட்டினாள். முதலில் என்னைக் கூப்பிட்டுத் தட்டினாள், பிறகு வெறுமனே தட்டினாள். பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் வந்து நின்றார்.

“என்னண்ணே, ஏதோ சத்தம் கேக்குதே? அக்கா எங்க?”

“உள்ள வேலையா இருக்கா. அலமாரியை நகத்துறா.”

அவர் போய்விட்டார். நான் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, கதவுக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அவளைத் தனியாக விட்டுவிட்டுப் போனேன் என்று யாரும் சொல்ல முடியாது. தட்டுவது கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிவந்து, கடைசியில் தரையோரமாகக் கேட்டது. பிறகு நின்றது. இருட்டும் வரை நான் திறக்கவில்லை. திறந்தபோது பூ விரிந்திருந்தது.

கதவைத் திறந்தால் ஈரம் போய்விடும் என்று அவளுக்கும் தெரியும். அதனால்தான் தட்டுவதை அவளாகவே நிறுத்திக்கொண்டாள். என்னை அந்த அளவுக்குப் புரிந்துகொண்டவள் வேறு யாரும் இல்லை.